ஐஸ் பெட்டிக்குப் போட்ட சாக்கு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஐஸ் பெட்டி வந்தது. ஃபிரிட்ஜ் இல்லை, மேல்மூடியைத் தூக்கித் திறக்கிற பெரிய ஃப்ரீசர். ஸ்ரீவில்லிபுத்தூரில் கூல்டிரிங்ஸ் கடை வைத்திருந்த ஒருவர் புதிது வாங்கிவிட்டு, பழையதை எங்களுக்குத் தள்ளிவிட்டார். நான் கட்டி எடுத்த சீட்டுப் பணத்தில் வாங்கியது. ராஜபாளையத்தில் எங்கள் தெருமுக்கில் பள்ளிக்கூடம் இருந்தது. பிள்ளைகளுக்கு பாக்கெட் ஐஸ் போட்டு விற்கலாம் என்பது என் கணக்கு.

என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கட்டி ஐஸ் வியாபாரம். பாளம் பாளமாக இருக்கும் ஐஸை ரம்பத்தால் அறுத்து, மரத்தூளைத் தூவி, சாக்கில் சுற்றி, சைக்கிளில் வைத்து மம்சாபுரம் வரை சோடாக் கடைகளுக்கும் மீன் கடைகளுக்கும் கொண்டுபோய்ப் போடுவார். சாக்கு சரியாகச் சுற்றவில்லையென்றால் பாதி வழியிலேயே தண்ணீராக ஒழுகிவிடும். அதனால் சாக்கின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை சாமி மேல்கூட இருந்ததில்லை.

பெட்டியை இறக்கி வைத்ததும் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். "வெறும் தகரம்ட்டி இது. குளிரு அம்புட்டும் வெளிய போயிரும். கரண்டு பில்லு எவன் கட்டுறது?" என்றார். மறுநாளே நாலு பக்கமும் சாக்கை இரட்டையாக வைத்து, நடுவில் மரத்தூளை அடைத்து, கோணி ஊசியால் தைத்துவிட்டார். மோட்டார் இருந்த இடத்தில் மட்டும் சதுரமாக வெட்டிவிட்டார், அது மூச்சு விட வேண்டுமாம். ஊசியை மறுபக்கம் வாங்கி வாங்கிக் கொடுத்தது நான்தான். சும்மா சொல்லக்கூடாது, மெத்தை தைத்தது போலப் பாந்தமாகத்தான் இருந்தது.

ஐஸ் நன்றாக விற்றது. பால் ஐஸும் திராட்சைக் கலர் ஐஸும் மணி அடித்ததும் தீர்ந்துவிடும். இரண்டு மாதம் கழித்து ரீடிங் எடுக்க வந்தவர் மீட்டரை ஒரு தரம் பார்த்தார், அட்டையை ஒரு தரம் பார்த்தார். "என்னக்கா, வீட்டுக்குள்ள மில்லு கில்லு ஓட்டுதீகளா?" என்று கேட்டார். யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும் என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. ஐஸ் விற்ற காசு அப்படியே கரண்டு ஆபீஸ் கவுண்டருக்குப் போயிற்று.

"நீ மூடிய தொறந்து தொறந்து பாக்கே. அதான்" என்றார் அவர்.

"பாக்காம எப்படிங்க விக்குறது? கண்ண மூடிக்கிட்டா எடுத்துக் குடுப்பாக?" என்றேன்.

குளிர் எங்கேயோ கசிகிறது என்று முடிவு கட்டி, இன்னொரு சுற்றுச் சாக்கு வைத்துத் தைத்தார். முன்னறை பல்பைக் கழற்றினார். என் மிக்ஸியைப் பரணில் தூக்கிப் போட்டார். நான் மறுபடி அம்மியில் அரைத்தேன். அடுத்த பில் அதையும் தாண்டி வந்தது. பெட்டியின் மோட்டார் ராப்பகலாக நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. "பாவம், எம்புட்டு உழைக்குது பாரு" என்று இரண்டு பேருமே சொல்லிக்கொள்வோம். அட, எங்கள் அறிவே!

கடைசியில் அவர் பெட்டியை விற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார். அவருடைய மச்சினன் புதுக் கடை போடுகிறானாம், பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறாராம். "அடுத்த வாரம் வேன் வரும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். ஒரு ஜாக்கெட் துணி எடுக்கக்கூட அவரிடம் கை நீட்டிக் கேட்டு, எதுக்கு, ஏன், இப்ப என்ன அவசரம் என்று பதில் சொல்லி வாங்கியவள் நான். அந்த ஐஸ் காசு வந்த பிறகுதான் யாரிடமும் கேட்காமல் கடைத்தெருவுக்குப் போனேன். அந்தப் பெட்டி போனால் மறுபடி கை நீட்ட வேண்டியதுதான்.

வேன் வருவதற்கு முன்பு எலி வந்தது. சாக்கை ஓட்டை போட்டு மரத்தூளுக்குள் குட்டி போட்டிருந்தது. அவர் வியாபாரத்துக்குப் போன நேரம், அரிவாள்மனையை எடுத்துத் தையலை அறுத்தேன். எலியை விரட்டிவிட்டு, தூளை வழித்துப் போட்டுத் தகரத்தில் கை வைத்தேன். அடி ஆத்தி! அப்படியொரு சூடு. உள்ளே பனிக்கட்டி, வெளியே கொதி. நாலு பக்கமும் அப்படித்தான். மிச்சச் சாக்கையும் கிழித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

செத்த நேரத்தில் மோட்டார் நின்றுபோயிற்று. கெடுத்துவிட்டோம் என்று நினைத்து அழுதேவிட்டேன். மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்வதற்குள் தானாக ஓட ஆரம்பித்தது. ஓடிவிட்டு மறுபடி நின்றது. குளிர் போதும் என்றதும் நின்று இளைப்பாறுகிறது என்று அப்போதுதான் புரிந்தது. தகரமும் ஆறிக்கொண்டு வந்தது. உள்ளே இருக்கிற சூட்டைத்தான் அது பக்கவாட்டு வழியாக வெளியே தள்ளுகிறது. காய்ச்சல்காரப் பிள்ளையைக் கம்பளியில் சுற்றியது போல நாங்கள் அதைச் சுற்றி வைத்திருந்தோம்.

சாயங்காலம் வந்தவர் வாசலிலேயே கத்தினார். "எவ அவுத்தா இத?"

"நாந்தான் அவுத்தேன்."

"ஐஸுக்குச் சாக்கு இல்லாம எப்படிட்டி நிக்கும்?"

"அது ஐஸ் இல்லங்க. ஐஸு போடுத மிஷினு. அதுக்கு வேர்க்கும்." கிழித்துப் போட்டதில் ஒரு துண்டுச் சாக்கை மட்டும் மறுபடி தகரத்தோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தேன். அவர் கையைப் பிடித்து அதற்கடியில் விட்டேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு திறந்து கிடந்த பக்கத்தைத் தொட்டார். கோணி ஊசியை எடுக்கவில்லை. தப்பு நடந்துபோச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

பில் பிறகு பாதிக்குமேல் இறங்கியது. ஆனால் ரீடிங் எடுக்கும் நாள் வருவதற்குள் வேன் வந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் கயிறும் கையுமாக இறங்கி, என் வீட்டுக்காரரைப் பார்த்து, "என்னண்ணே, தூக்கிறலாமா?" என்று கேட்டார். பேசி வைத்த பேச்சு. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "பெட்டி என்னுது இல்லய்யா. அது எங்க வீட்டுல உள்ளவளோடது. அவட்டக் கேட்டுக்கோங்க."

நான் சீராகக் கொண்டுவந்த பித்தளைக் குடத்தைக்கூட அந்த வீட்டில் யாரும் என்னுடையது என்று சொன்னதில்லை. வந்தவர் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தார். "குடுக்குறதா இல்லண்ணே" என்றேன், பிடித்திருந்த கதவை விட்டுவிட்டு.