பாதியில் நிற்கும் அம்புக்குறி

மும்பை செம்பூர் அலுவலகத்தின் கண்ணாடிச் சுவரில் அக்கா போடும் படம் எப்போதும் ஒன்றுதான். இரண்டு கட்டங்கள், நடுவே ஓர் அம்புக்குறி. ஒரு கட்டம் ஜாவாவில் எழுதிய எங்கள் மென்பொருள். மற்றது டாட்நெட்டில் எழுதிய காப்பீட்டு நிறுவனத்தின் மென்பொருள். இரண்டையும் பேச வைக்கும் வெப் சர்வீஸ்தான் அம்புக்குறி. அதை மெதுவாக இழுத்து, பாதியில் நிறுத்தி, "ஏட்டி, இங்க யாரு இருக்கா?" என்று என்னைக் கேட்பார். அவர் எங்கள் டீம் லீட். தாராவியில் பிறந்து வளர்ந்தும் நாக்கிலிருந்து திருநெல்வேலிப் பேச்சு போகாதவர். வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், மேனேஜருக்கும்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. அவரவர் பக்கத்தைச் சோதித்து, திரையில் பச்சை வந்துவிட்டால் வேலை முடிந்தது. எதிர்ப்பக்கத்து ஆட்களோடு பேசுவதே கௌரவக் குறைச்சல். பாலிசிதாரர்களின் பிறந்த தேதியை நள்ளிரவு பன்னிரண்டு மணி என்ற நேரத்தோடு சேர்த்தே அனுப்பிக்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் சோதித்தது மும்பைக் கணினிகளில், எல்லாம் பச்சை. ஆனால் அவர்களுடைய அசல் சர்வர் வெளிநாட்டு நேரத்தில் ஓடுவது. "அங்க வச்சு ஒருக்கா சேந்து ஓட்டிப் பாத்துருவோம் சார்" என்று அக்கா கெஞ்சாத குறையாகக் கேட்டார். மேனேஜர் தலையே நிமிராமல், "நம்ம சைட் ஓகேதானே? பஸ், ஹோ கயா. முடிஞ்சுபோச்சு" என்றார்.

இணைப்பு ஓடத் தொடங்கிய வாரமே எல்லோருடைய பிறந்த தேதியும் ஒரு நாள் பின்னால் போயிருந்தது. இங்கே நள்ளிரவென்றால் அங்கே முந்தைய நாள் மாலை அல்லவா? ஆதாரோடு தேதி பொருந்தவில்லை என்று மருத்துவமனைகளில் நோயாளிகளைக் காக்க வைத்தார்கள். காப்பீட்டு நிறுவனம் கத்தியது. மேனேஜர் கொஞ்சமும் கூசாமல் அக்காவைக் கைகாட்டினார். அன்று மதியமே வேலை போயிற்று. "நான் சொல்லலையா சார்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார் அக்கா. திறக்காத சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு அக்கா ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

அந்த மேனேஜர் இப்போது கம்பெனியில் டைரக்டர். போன வாரம், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அதே கண்ணாடிச் சுவரில் அதே படத்தைப் போட்டார். "தப்பு கட்டத்துக்குள்ள வராது, நடுவுலதான் வரும். இது என்னோட அனுபவம்" என்றார். அம்புக்குறியை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். பாதியில் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கும். ஒருவர் இருந்தார். அவரைத்தான் இவர் அனுப்பிவிட்டார்.