பூனைக்கண் தந்த பொலிஸ்காரர்

மூக்கில் வழிந்த இரத்தத்தைச் சட்டைக்கையால் துடைத்தபடி, ரொறன்ரோவில் நான் கோப்பை கழுவிய மதுச்சாலையை விட்டு நடந்துகொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது.

என் பூனைக்கண் அம்மாவின் பூட்டனிடமிருந்து வந்தது. அயர்லாந்தில் ஆங்கிலேயரின் பொலிஸில் இருந்துவிட்டு இலங்கைப் பொலிஸுக்கு வந்த ஐரிஷ்காரர் அவர். அவருடைய ஊரை அறிய ஆசைப்பட்டு, அன்று அங்கே குடித்துக்கொண்டிருந்த ஐரிஷ் கிழவரிடம் பெருமையாக விசாரித்தேன். பொலிஸ் என்றதும் கிழவர் பியர் கிளாஸால் என் முகத்தில் அடித்தார். விழுந்த என்னை அவர் மகன் விலாவில் மிதித்தான்.

“என் அப்பாவை வாசலில் வைத்துச் சுட்டது அந்தப் பொலிஸ்தான்!” என்று கிழவர் கத்தினார்.

சமையல்காரர் சிவம் அண்ணைதான் என்னை வெளியே இழுத்து வந்தார்.

“விசரா, ஊரில உன்ர அண்ணனை அடிச்சுக் கொன்றதும் பொலிசுதானே? அவங்கட பேரன் வந்து ஊர் விசாரிச்சா, தேத்தண்ணி ஊத்திக் குடுப்பியோ?”

“இல்லை அண்ணை. நானும் அடிச்சிருப்பன்.”

அந்த வேலையை விட்டு, மறுநாள் காலை ஸ்காபரோவில் கோழி வெட்டும் தொழிற்சாலையில் சேர்ந்தேன். பக்கத்தில் நின்ற ஐரிஷ்காரி, இந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். பூட்டனின் ஊரை இன்றும் தேடுகிறேன். யாரிடம் விசாரித்தாலும், அன்று அவளிடம் சொன்னதைத்தான் முதலில் சொல்கிறேன்:

“முதலில் உங்கள் வீட்டுக் கதையைச் சொல்லுங்கள்.”