ஒரு கோலும் விடாதவள்

‘ஜேர்மனிய தேசிய ஹொக்கி அணியின் நட்சத்திர வீராங்கனை. சர்வதேச ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு கோலைக்கூட விட்டுக்கொடுக்காத இரும்புச் சுவர். எமது விளையாட்டு விழாவின் பிரதம விருந்தினர், செல்வி நிருஜா அவர்கள்.’

ஒக்லாந்தின் புறநகரான ஹென்டர்சனில், மளிகைக் கடைக் கதவில் ஒட்டியிருந்த இந்த அறிவித்தலை, கையில் கறிவேப்பிலைப் பொட்டலத்தோடு நிருஜா இரண்டு தரம் வாசித்தாள். ஜேர்மனியில் அவள் வளர்ந்த கிறேபெல்ட் நகரத்துச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி அவளை எழுத்துக்கூட்டுகிற அளவுக்குத்தான் கொண்டுவந்து விட்டிருந்தது. ‘நட்சத்திரம்’ பொய். அதைப் பெரிதுபடுத்தத் தேவையில்லை. தமிழ் மேடை ஏறிய எவரும் நட்சத்திரமாகாமல் இறங்கியதில்லை. அவளை உறுத்தியது இரண்டாவது வசனம். அது முழு உண்மை.

ஜேர்மனிக்காக அவள் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். அணியில் அவள் மூன்றாவது கோல் காவலாளி. முதலாமவளுக்குக் காயமோ வருத்தமோ வரவேண்டுமென்று இரண்டாமவள் காத்திருப்பாள். இருவருக்கும் வரவேண்டுமென்று மூன்றாமவள் காத்திருக்க வேண்டும், அதை வெளியில் காட்டவும் கூடாது. ஒருநாள் ஒரு சிநேகபூர்வ ஆட்டத்தில் இரண்டாமவள் காய்ச்சலில் படுத்துவிட, ஜேர்மனி ஒன்பது கோல் முன்னுக்கு நின்றபோது, பயிற்றுநர் முதலாமவளை வெளியே எடுத்து நிருஜாவை இறக்கினார். கடைசிப் பதினைந்து நிமிடம். எதிரணி நடுக்கோட்டையே தாண்டவில்லை. பந்து வந்தால்தானே கோல் விடலாம்.

சிறுவயதில் அவள் கோலுக்குள் போனதே ஒரு சிக்கனத்தால்தான். ஊர் ஹொக்கிச் சங்கத்தில் மற்றப் பிள்ளைகள் மட்டையும் சப்பாத்தும் சொந்தமாக வாங்கவேண்டும்; கோலுக்கு நிற்பவளுக்கு எல்லாவற்றையும் சங்கமே கொடுக்கும். உணவகச் சமையலறையில் வேலை பார்த்த அப்பாவுக்கு இது நல்ல நியாயமாகப் பட்டது. தலைக்கவசம், நெஞ்சுக்காப்பு, காலில் தலையணை போன்ற பாட். அந்தக் கோலத்தில் அவள் தமிழ்ப் பிள்ளையா ஜேர்மன் பிள்ளையா என்று யாருக்கும் தெரியாது. அது அவளுக்கு வசதியாகவும் இருந்தது. ஒரேயொரு குறை. தன் அணி கோல் அடித்தால் மைதானத்தின் மற்ற அந்தத்தில் எல்லோரும் கட்டிப்பிடிப்பார்கள். காலில் கட்டிய பாட்டோடு இவள் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் கட்டிப்பிடித்து முடிந்திருக்கும்.

ஒரு பருவம் பயிற்சி கொடுக்கவென்று ஒக்லாந்துக்கு வந்தவள் இங்கேயே தங்கிவிட்டாள். இப்போது ரானுயியில் ஒரு சின்ன வாடகை வீடு, ஹென்டர்சனில் பிசியோதெரபி வேலை, இடையில் ரெயின் பயணம். நாள் முழுக்க மனிதர்களின் தோளையும் முழங்காலையும் தொட்டுக்கொண்டேயிருப்பாள். வீட்டில் தேத்தண்ணிக் கோப்பை இரண்டுதான். இரண்டாவதற்கு வேலை வந்ததில்லை. இந்தியத் தமிழர் அவளை இலங்கை என்றார்கள், இலங்கைத் தமிழர் ஜேர்மனி என்றார்கள், வெள்ளையர்கள் ‘எங்கிருந்து?’ என்று கேட்டுவிட்டு அவள் சொன்னதை நம்பவில்லை.

தோள்வலிக்கு வந்த மன்னார் டோறின் அன்ரிதான் கதையைக் கொடுத்துக் கதையைப் பிடுங்கினார். “எங்கட ஒரு பிள்ளை ஜேர்மனிக்கு விளையாடியிருக்கு” என்று அவர் வெளியே போய்ச் சொன்னது தமிழ்ச் சங்கத் தலைவர் தியாகலிங்கத்தின் காதில் விழ, அடுத்த ஞாயிறு அவர் மனைவியோடும் ஒரு தட்டு வடையோடும் அவளை விழாவுக்கு அழைக்க வந்து கதவைத் தட்டினார். அந்த வீட்டுக்கு வந்த முதல் விருந்தாளிகள். இருவருக்கும் தேத்தண்ணி கொடுத்ததில் கோப்பை முடிந்துவிட, நிருஜா கண்ணாடி ஜாடியில் குடித்தாள்.

“அங்கிள், நான் ஒரு மட்ச்தான் விளையாடினனான். அதிலயும் பந்து என்னட்ட வரேல்லை.”

“வரவிடேல்லை எண்டு சொல்லும், பிள்ளை” என்றார் தியாகலிங்கம்.

அவர்கள் போனபின் அவள் இன்னும் நாலு கோப்பை வாங்கினாள். ஆட்கள் திரும்பவும் வரவேண்டும். ஆனால் கடைக் கதவு அறிவித்தலை நம்பி இரும்புச் சுவரைப் பார்க்க வருபவர்களோடு கதைக்க அவளிடம் ஒன்றுமில்லை. ஆகவே விழா மேடையில் உண்மையைச் சொல்லிவிடுவது, அதற்குப் பிறகும் யார் வருகிறார்கள் என்று பார்ப்பது. இதுதான் திட்டம்.

விழாவன்று காலையில் வெயில், மாலை போடும்போது மழை, மைக்கைப் பிடிக்கும்போது இரண்டும். நிருஜா எழுதிப் பாடமாக்கியதைச் சொன்னாள். “நான் பெரிய ஆளில்லை. ஒரு மட்ச்தான். நான் ஒரு பந்தையும் மறிக்கேல்லை. இந்த மாலைக்கு நான் தகுதியில்லை.”

கூடாரம் அதிரக் கைதட்டினார்கள். தகுதியில்லை என்று சொல்லாத பிரதம விருந்தினரை அந்தச் சங்கம் கண்டதேயில்லை. கோயில் கணக்காளர் முதல் பல் வைத்தியர் வரை எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள். என்ன, இவள் அழகாகச் சொன்னாள். “எவ்வளவு தன்னடக்கம், பாத்தீங்களே” என்று தியாகலிங்கம் மைக்கிலேயே சொன்னார்.

வாயால் முடியாததைக் காலால் முடிக்கலாமென்று அவள் நினைத்தாள். அடுத்த நிகழ்ச்சி ‘இரும்புச் சுவருக்கு எதிராக’: விரும்பியவர்கள் வந்து அவளுக்குக் கோல் அடித்துப் பார்க்கலாம். ரெயினில் இழுத்து வந்த பையிலிருந்து கால் பாட்களை எடுத்துக் கட்டும்போது, பின்பக்க வாரை டோறின் அன்ரி இறுக்கிவிட்டார். முதலில் வந்தவர் யசீகரன்; பாடசாலை அணிக்கு ஆடியதை இன்றுவரை ஆடிக்கொண்டிருப்பவர். அவர் அடித்த பந்தை விட்டுவிடத்தான் நினைத்தாள். கால் தன்பாட்டில் போய் மறித்தது. சனம் ஆர்ப்பரித்தது. இரண்டாம் தரம் அவர் அடித்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு காலை அசையாமல் வைத்திருந்தாள். பந்து மெதுவாக, வழி விசாரித்துக்கொண்டு போவதுபோல, உள்ளே போனது.

“வேணுமெண்டு விட்டவ” என்றது ஒரு குரல். “பெரிய மனசு” என்றது இன்னொன்று. யசீகரனை நாலைந்து பேர் தூக்கினார்கள். எல்லோரும் கட்டிப்பிடித்து, படம் எடுத்து, சோற்றுப் பொதி கொடுக்கும் பக்கம் நகர்ந்தார்கள். நிருஜா கோலுக்குள் நின்றாள். அந்தக் கூட்டத்தை நோக்கி இரண்டடி வைத்தவள், பாட் கட்டிய கால்களின் பழைய கணக்குத் தெரிந்து நின்றுவிட்டாள்.

டோறின் அன்ரி மட்டும் சோற்றுப் பொதி இரண்டோடு வந்து, நனைந்த புல்லென்றும் பாராமல் கோல் கம்பத்தடியில் இருந்தார்.

“அவையள் நம்பாயினம், பிள்ளை. விடும். மேடையில நீர் சொன்னது உண்மைதானே?”

“ஓம், அன்ரி.”

“ஒரு மட்ச்?”

“ஒரு மட்ச். பதினைஞ்சு நிமிஷம்.”

“எத்தினை வருஷம் அந்த ரீமில இருந்தனீர்?”

“ஏழு.”

டோறின் பொதியை அவிழ்த்து அவள் பக்கம் நகர்த்தினார். “அப்ப ஏழு வருஷமும் என்னதான் செய்தனீர்?”

அதை இதுவரை யாரும் கேட்டதில்லை. நிருஜா கையுறையைக் கழற்றினாள். தலைக்கவசத்தைக் கழற்றிப் புல்லில் வைத்தாள்.

ஏழு வருடமும் அவள், போட்டியில் கோல் அடிக்கப்போகிறவர்கள் அடித்துப் பழகுவதற்காக, காலையும் மாலையும் பயிற்சி மைதானத்தில் கோலுக்குள் நின்று அவர்கள் அடித்த பந்துகளை மறித்தாள்.