கந்தலக்காவின் ஏழைகள்

புதுச் சட்டையைத் தரையில் விரித்து, காலர் மடிப்பில் உப்புத்தாளை வைத்துத் தேய்க்கிறார். பிறகு டீத்தண்ணீரில் ஒரு முக்கு, வெயிலில் ஓர் உதறல். தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இது இன்னும் அஞ்சு வருஷம் உழைக்கணும்" என்று மறுபடி உட்காருகிறார். தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்புத் தளத்தில் அவருக்குப் பெயர் கந்தலக்கா. நடிகர்களின் புது உடுப்பைப் பழசாக்குவது வேலை. கதையில் வருவது ஏழைக் குடும்பம். கடை மடிப்பு கலையாமல் வந்து நின்று அழுதால் யார் நம்புவார்கள்?

முன்பு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருந்தார். அங்கே ஒரு பொட்டுக் கறை பட்டாலும் மேற்பார்வையாளர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார். "அன்னைக்குக் கறைக்குத் திட்டு வாங்குனேன், இன்னைக்குக் கறைக்குச் சம்பளம் வாங்குறேன்" என்று சொல்லி, தானே முதலில் சிரித்துவிடுவார். வீட்டுக்காரருக்கு இஸ்திரிக் கடை. அவர் பழசைப் புதுசாக்க, இவர் புதுசைப் பழசாக்க, குடும்பம் ஓடுகிறது.

பேருந்தில் போனாலும் கை சும்மா இருக்கும், கண் இருக்காது. ஒரு நாள் முன்னால் நின்ற பெரியவர் கூசிப்போய், "என்னம்மா, சட்டையில ஏதாச்சும் ஒட்டியிருக்கா?" என்று கேட்டுவிட்டார். "இல்லண்ணே, ரொம்ப அழகா வெளுத்திருக்கு" என்றார் இவர். பெரியவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

போன வருடம் நாத்தனாரையும் இந்த வேலைக்கே இழுத்து வந்தார். எலி கடித்த மாதிரி வேண்டுமா, முள் கிழித்த மாதிரி வேண்டுமா என்று கேட்டுக் கிழிக்கும் கை அது. இந்தச் சம்பளத்தில்தான் நாத்தனார் யார் தயவும் இல்லாமல் தனி வீடு எடுத்தார். கந்தலக்காவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

அந்த நேரத்தில்தான் கதையில் அந்த ஏழைகளுக்குப் பெரிய சொத்து வந்து சேர்ந்தது. திங்கட்கிழமையிலிருந்து எல்லோரும் பணக்காரர்கள். மாளிகை போட வேண்டும் என்று தச்சர்களுக்கு ஒரே கொண்டாட்டம், தளமே கைதட்டியது. கந்தலக்கா மட்டும் பாதி தேய்த்த சட்டையைக் கீழே வைத்தார். பணக்காரர்களுக்குப் பழைய சட்டை எதற்கு? நாத்தனார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வாங்கண்ணி, போகச் சொல்றதுக்கு முன்னாடி நாமளே போயிடலாம்" என்றார்.

"செத்த இரு" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த கதாசிரியரிடம் நேரே போனார்.

"சார், மாளிகை எவ்ளோ பெருசு?"

"பத்து ரூம் வரும்க்கா."

"பத்தையும் யாரு கூட்டுவா? வீட்டுக்காரம்மாவா?"

அவர் மெல்வதை நிறுத்தினார். "வேலைக்கு ஒருத்தங்களப் போட்டுக்கலாம்."

"தோட்டம் இருக்கா?"

"பெரிய தோட்டம்."

"அது தானா வளந்துக்குமா?"

கதாசிரியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, தோட்டக்காரர் ஒருத்தர். வாட்ச்மேன் ஒருத்தர். போதுமா?"

"கார் ரெண்டுன்னு சொன்னாங்களே..."

"டிரைவரும் ரெண்டு பேரு. எல்லாரும் ஏழைங்கதான். இப்ப என்னைச் சாப்பிட விடுங்கக்கா!"

கந்தலக்கா விடுவிடுவென்று திரும்பி வந்தார். நாத்தனாரின் தோளிலிருந்து பையைக் கழற்றி, சுவரில் இருந்த கொக்கியில் மாட்டினார்.