ரஜனி அக்காவின் கியர்பொக்ஸ்

கராஜுக்கு வருகிற எவரும் வண்டியின் வருத்தத்தைச் சொல்வதில்லை. வீட்டில் கூடிப் பேசி முடிவெடுத்த வைத்தியத்தைத்தான் சொல்வார்கள். நகத்துக்குள் கிரீஸோடு சோறு பிசையும் சகோதரர்களே, இது உங்களுக்குத் தெரியாததல்ல. இந்தப் பனி நாட்டில், ஸ்ட்ரோம்மன் பக்கம் ஒரு சின்னக் கராஜில் எத்தனையோ வருடமாக நானும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரஜனி அக்கா சொன்ன வைத்தியம் மட்டும் சரியாக இருந்தது. அதுதான் என்னைக் குழப்பிவிட்டது.

பயணி

செப்டெம்பர் கடைசியில் ஒரு பச்சைப் பிக்கப் உறுமிக்கொண்டு வந்து நின்றது. அமெரிக்க இராணுவத்தில் உழைத்து ஓய்வுபெற்ற பழைய டீசல் வண்டி. ஓட்டிவந்தவர் ஐந்தடி உயரம்கூட வராத ரஜனி அக்கா. ஸ்டோவ்னரில் சிறுவர் பாடசாலையில் வேலை. பக்கத்துச் சீட்டில் கணவர், மடியில் தேத்தண்ணிப் போத்தலோடு.

“ஓட்டோமற்றிக்கைக் கழட்டிப்போட்டு, கையாலை போடுற கியர்பொக்ஸ் பூட்டித் தாங்கோ தம்பி. முதல் பனிக்கு முன்னம் வேணும்,” என்றார் அக்கா. போன மாரிப் பனிக்காலத்தில் அவர்களுடைய குடியிருப்புக்குப் பனி தள்ள வந்த ஆள் மத்தியானத்துக்குத்தான் வந்தாராம். அதற்குள் வயதான இரண்டு பேர் வழுக்கி விழுந்துவிட்டார்கள். குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் அக்கா எழும்பி, வருகிற மாரிக்கு நான் தள்ளுகிறேன் என்றிருக்கிறார். தலைவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இந்த வண்டி, அதற்கு முன்னால் பூட்டப் பனி தள்ளும் பெரிய இரும்புத் தட்டு. முன்னும் பின்னுமாக நூறு தரம் போய்வந்தால் கிழட்டு ஓட்டோமற்றிக் சூடேறிப் படுத்துவிடும் என்பதையும் தானே படித்துத் தெரிந்துகொண்டார். அவரிடம் இருந்தது ஓட்டோமற்றிக்குக்கு மட்டுமான லைசென்ஸ். ஆகவே ஓகஸ்டில் கியர் வண்டி பழகி, மறுபடி ஓட்டிக்காட்டிப் பாசாகியும் இருந்தார்.

இவ்வளவையும் கேட்டபிறகும் புத்தி வரவில்லை எனக்கு. உறுதிப்படுத்துவதற்காகக் கணவர் பக்கம் திரும்பினேன். அவர் போத்தல் மூடியைத் திருகியபடி சொன்னார்: “என்னட்டைக் கேக்காதேங்கோ தம்பி, நான் பயணி.”

கால் நீளம்

கியர் வண்டிக்குக் கிளச் பெடல் வேண்டும். அதற்கு என்ஜினுக்கும் ஓட்டுபவரின் காலுக்கும் நடுவிலுள்ள தகட்டில் ஓட்டை போட வேண்டும். என்னோடு வேலை செய்யும் செல்வம் திருநெல்வேலிக்காரர், ஆறடி ஆள். தன்னுடைய காலை வைத்தே அளவெடுத்து, அழகாகப் பூட்டிவிட்டார். அக்கா ஏறி இருந்து மிதித்தார். மிதித்தது காற்றைத்தான். செல்வம் தலையைச் சொறிந்துகொண்டு சீட்டை முன்னுக்கு இழுத்து, பெடலையும் நீட்டிப் பூட்டினார்.

அந்த நேரத்தில் பல நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டேன். “எத்தினையோ வண்டி இருக்க, ஏனக்கா ஆமி வண்டி?” ஊரில் சண்டைக் காலத்தில், இப்படியான பச்சை வண்டியின் சத்தம் தூரத்தில் கேட்டாலே விளக்கை அணைத்துவிட்டு மூச்சடக்கி இருந்தவர்கள் நாங்கள். இன்றைக்கும் அந்தச் சத்தம் கேட்டால் என் கை விளக்குச் சுவிச்சைத் தேடும். அக்கா பெடலை அடிவரை மிதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அப்ப இதைக் கண்டு நான் ஓடினனான். இப்ப நான் சொல்லுற பக்கம் இது ஓடட்டும்.”

டப்பா

என்ஜினின் பின்பக்கத்தில், கியர்பொக்ஸின் தண்டு வந்து உட்காருகிற இடத்தில், ஒரு குட்டிப் பேரிங் உண்டு. அதை மறந்து மூடினால் எல்லாவற்றையும் திரும்பக் கழட்ட வேண்டும். அமெரிக்காவிலிருந்து மூன்று வாரம் காத்திருந்து எடுப்பித்தேன். பெருமையில் அக்காவுக்கும் காட்டினேன். உறையவைத்தால் கொஞ்சம் சுருங்கி இலகுவாக இறங்கும். கராஜில் பிரீசர் இல்லாததால் பையில் சுற்றி, வீட்டுப் பிரீசரில் ஓர் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்தேன்.

பிழை அதுதான். திங்கள் காலையில் பார்த்தால் டப்பா இல்லை. வியாழனுக்குப் பனி என்று வானிலை சொல்கிறது. என் மனைவி மலர், குறொன்லாண்ட் கடைத்தெருவில் முருங்கைக்காய் மலிவென்று அள்ளிவந்து, வெட்டி அதே மாதிரி டப்பாக்களில் உறையவைத்து, வெள்ளிக்கிழமை கோயிலில் ஐந்தாறு பேருக்கு டப்பா டப்பாவாகக் கொடுத்திருந்தாள். யார் யாருக்கு என்று முழுதாக நினைவில்லை. நான் கத்தினேன். அவள் அசையவில்லை. “தமிழ் வீட்டிலை ஐஸ்கிரீம் டப்பாவை ஆரப்பா திறந்து பாத்துக் குடுக்கிறது?”

விசில்

இரண்டு நாள் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் ரெலிபோன் எடுத்தோம். எல்லோரும் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் கிடைத்தது முருங்கைக்காய்தான். புதிதாக எடுப்பித்தால் இன்னும் மூன்று வாரம்.  அக்காவைப் பார்த்து அந்தத் தலைவர் இரண்டாம் தரமும் சிரிக்கப்போகிறார், அதுவும் என்னால்.

புதன் பின்னேரம் அக்காவே ரெலிபோன் எடுத்தார். வேலை எந்தளவில் என்று கேட்டார். பயத்தில் வாய் தானாகப் பொய் சொன்னது: “பேரிங் பூட்டியாச்சு அக்கா, இனி மூடுறதுதான்.” அந்தப் பக்கம் டப்பா ஒன்றைக் குலுக்குகிற சத்தம் கேட்டது. பிறகு மிகவும் அமைதியாகக் கேட்டார்: “அப்பிடியே தம்பி? அப்ப மலர் தந்த இந்த முருங்கைக்காய்க்கு எத்தினை விசில் விடோணும்?”

முதல் பனி

அரை மணித்தியாலத்தில் பேரிங், ஐஸ்கட்டிகளுக்குள் புதைந்தபடி, அதே டப்பாவில் வந்து இறங்கியது. டப்பாவை என் கையில் தந்த அக்கா, நேரே போய் வண்டியின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். என் பொய்க்கு இரண்டு ஏச்சு ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் செல்வமும் வீட்டுக்குப் போகாமல் பூட்டி முடித்தோம். மலர் நான்கு தேசிக்காய், அதாவது எலுமிச்சை, கொண்டுவந்து வண்டியின் நான்கு சில்லுகளுக்கும் கீழே வைத்தாள். அக்கா முதல் கியரைப் போட, வண்டி ஒருதரம் துள்ளி நின்றது. இரண்டாம் தரம் நான்கையும் நசித்துக்கொண்டு போனது.

வியாழன் காலை ஏழு மணிக்கு, இரவு கொட்டிய பனிக்குள்ளால், மனம் கேளாமல் ஸ்டோவ்னருக்குப் போனேன். வாசல்கள் எல்லாம் துடைத்துவிட்டது போலக் கிடந்தன. தலைவர் கையில் பனி வாரியோடு, வார எதுவுமில்லாமல் நின்றார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை, தொப்பியைக் கழற்றினார். பச்சை வண்டி வளைவில் திரும்பி, கியர் இறங்கி, என் பக்கத்தில் வந்து நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை. பக்கத்துச் சீட்டுக் கண்ணாடி இறங்கியது. மேலெல்லாம் தேத்தண்ணி சிந்தியிருந்த கணவர் தலையை நீட்டினார்: “தம்பி, பயணிக்கும் ஒரு பிரேக் வைச்சிருக்கலாமே?”

இப்போது எங்கள் வீட்டு ஐஸ்கிரீம் டப்பா ஒவ்வொன்றிலும் உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதி ஒட்டியிருக்கிறது. ஐஸ்கிரீம் என்று மட்டும் எதிலும் எழுதவேண்டி வரவில்லை.