படகு நிழல் அலையைத் தொடும் நேரம்

மாலை வெயிலில் எங்கள் படகின் நிழல் விழுந்த மணலில் மட்டும் கால் சுடாது. காரைக்கால்மேட்டில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால், வயல்கள் இருக்கும் நெரவிப் பக்கம் இறங்க இறங்க, கரையில் நிற்கும் படகுகளின் நிழல் கடலை நோக்கி நீண்டுகொண்டே போகும். அது அலையைத் தொட்டதும், மீன் விற்கும் என் அம்மா "பொழுது போச்சு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

ஏழாம் வகுப்பில் 'கடற்கரையில் ஒரு மாலை' பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது இதைத்தான் எழுதினேன். நெரவியிலிருந்து சைக்கிளில் வரும் தமிழய்யா அதை இரண்டு முறை படித்துவிட்டு, "இத யாரு எழுதிக் குடுத்தா?" என்றார். நானே எழுதினேன் என்றதும், வீட்டிலிருந்து ஆளைக் கூட்டிவரச் சொன்னார். மறுநாள் மீன் ஏலம் முடிந்த கையோடு வந்து வகுப்பு வாசலில் நின்ற அம்மா, "அவ பாத்ததத்தாங்கய்யா எழுதியிருக்கா" என்றாள். அவர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, "படிக்கத் தெரியாத நீ அதுக்குச் சாட்சியா?" என்று கேட்க, வகுப்பே சிரித்தது. செய்யாத குற்றத்துக்கு அம்மா மன்னிப்புக் கேட்டாள். என் கட்டுரையைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்துவிட்டு, கரும்பலகையில் அவர் எழுதிப்போட்ட 'மாதிரிக் கட்டுரை'யைப் பத்து முறை எழுதவைத்தார். அதில் சூரியன் செந்நிறப் பந்தாகக் கடலுக்குள் மூழ்கியது.

பின்னாளில் பத்திரிகை அலுவலகத்தில் பிறர் எழுத்தைத் திருத்துவதே எனக்கு வேலையாயிற்று.

சென்ற மாதம் தமிழய்யா என் வீடு தேடி வந்தார். பள்ளி விழாவில் படிக்க, கடலோரத்தில் தாம் கழித்த நாட்களைப் பற்றி நான்கு பக்கம் கொண்டுவந்திருந்தார். அவர் செருப்பைக் கழற்றும் இடைவெளியில், கூட வந்த அவர் பேரன், "ஏஐ எழுதுனதுதான் ஆன்ட்டி, ரெண்டே நிமிஷம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டான். படித்துப் பார்த்தேன். ஒரு மாணவரின் பெயர் இல்லை, ஒரு தெருவின் பெயர் இல்லை. உப்புக் காற்று மட்டும் மூன்று இடத்தில் வீசியது.

"யாருங்கய்யா எழுதிக் குடுத்தது?"

"நானேதாம்மா. பத்திரிகைல இருந்தவ, கொஞ்சம் பாத்துக் குடு."

மூன்றாம் பத்தியில் சூரியன் கடலில் மூழ்கியது. அந்தக் கருவி கடலைப் பார்த்ததில்லை. கடலுக்கு முதுகைக் காட்டிப் பாடம் நடத்தியவர்கள் எழுதிவைத்ததிலிருந்துதான் அது கற்றிருக்க வேண்டும். ஒற்றுகளைத் திருத்தினேன், காற்புள்ளிகளைத் திருத்தினேன், அந்த வரியைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தேன்.

விழாப் பந்தலில் அவர் அந்த வரிக்கு வந்ததும், மீன் விற்கும் பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "ஏங்கய்யா, எந்த ஊருக் கடலு அது?"

"நம்மூருல அது ஒங்க நெரவிக் கொல்லையிலதான போயி முங்கும்!" என்றாள் இன்னொருத்தி.

பந்தல் குலுங்கியது. அவர் தாளைப் பார்த்தார், பேரனைப் பார்த்தார், பிறகு மைக்கில், "இது மெஷின் எழுதுனது" என்றார். சிரிப்பு இருமடங்காயிற்று. கூட்டத்தில் என்னைத் தேடினார். முதல் வரிசையில்தான் இருந்தேன். கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டேன். அவருக்கு நினைவு வந்ததா, தெரியாது.

முடிந்ததும் கரைக்குப் போனேன். எங்கள் மரப்படகு நின்ற இடத்தில் இப்போது கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். சற்றுத் தள்ளி நின்ற ஃபைபர் படகுகளின் நிழல் அலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அம்மா போய்ப் பல வருடங்களாகின்றன. பந்தலில் எழுந்த அந்தச் சிரிப்பை அவள் கேட்கவில்லை. எனக்கு அது ஒன்றுதான் குறை.