மரத்தில் கட்டப்பட்டவன்

வண்டிப்பெரியார் பக்கம் ஒரு பழைய துரை பங்களா. இப்ப அது ஓட்டல். அங்க ரூம் கூட்டித் துடைக்கிற வேலை எனக்கு. வராந்தா சுவர் பூரா துரை விட்டுட்டுப் போன படங்கள். செம்புத் தகட்டுல கோடு கோடாக் கீறி, மை தடவி அச்சடிச்சது. பல நூறு வருசத்துக்கு முந்தின இத்தாலிச் சரக்காம். அதுல ஒண்ணு என்னையப் பிடிச்சு நிறுத்திரும். ஒரு ஆள மரத்துல கட்டி, உயிரோட தோலை உரிக்கிறாங்க.

மாதாவே! தோலுரிச்சுக் கொன்ன அப்போஸ்தலர்தான் இதுன்னு நெனச்சேன். எங்க எஸ்டேட் லயத்துக் கோயில்ல அவர் சுரூபம் இருக்கு. துடைக்கும்போதெல்லாம் சிலுவை போட்டுக்குவேன்.

விருந்தாளிங்க கேட்டா அவரு கதையச் சொல்லுவேன். கண்ணத் துடைச்சுக்கிட்டே போனவங்க உண்டு. படம் காட்டுற வேலைய எனக்கே தாங்க சார்னு மேனேஜர்கிட்ட கேட்டேன். "பாக்கலாம்"னார். மறுவாரம் பாத்தா அவரே வராந்தாவுல நிக்கிறார். என் கதை, என் ஏத்த எறக்கம். நான் மூச்சு விடுற இடத்துலதான் அவரும் மூச்சு விடுறார். "கூட்டுறவளுக்கு எதுக்கு இவ்வளவு வாய்?"னு என்னையத் துணி தொவைக்க அனுப்பிட்டான். நான் பெத்த பிள்ளைக்கு அவன் இனிஷியல் போடுறான்!

"அப்போஸ்தலரே, அவன் தோலையும் உரிச்சு உப்பத் தடவும்"னு தினம் தொவைச்ச துணியக் கொண்டுபோகும்போது அந்தப் படத்துக்கிட்ட வேண்டினேன்.

மதுரையில இருந்து ஒரு டிராயிங் டீச்சர் வந்து தங்குனாங்க. நான் சிலுவை போடுறதப் பாத்துட்டு, "அக்கா, இவர் புனிதர் இல்லக்கா. கிரேக்கக் கதை. காட்டுல குழல் ஊதுனவன், பாட்டுக்கு அதிபதியான சாமியையே போட்டிக்குக் கூப்பிட்டான். தோத்தான். அந்தச் சாமிதான் கத்தி பிடிச்சிருக்கு. காலடியில குழல் கெடக்கு பாருங்க"ன்னாங்க.

"நல்லா ஊதுவானா டீச்சர்?"

"சாமிக்கே பொறாமை வர்ற அளவுக்கு."

அடப்பாவி! அப்ப மரத்துல தொங்குறது நான்ல! இத்தன நாளும் கத்தி பிடிச்சவன உரிக்கச் சொல்லி, உரிபடுறவன்கிட்ட வேண்டியிருக்கேன். டீச்சர் சொன்னத யார்கிட்டயும் சொல்லாம வாயத் தச்சுக்கிட்டேன்.

மாசம் ரெண்டு கழிச்சு முதலாளி, படம் தெரிஞ்ச சிநேகிதங்களக் கூட்டிட்டு வந்தார். ஆள் பத்தலன்னு என்னைய டீ கொண்டாரச் சொன்னாங்க. மேனேஜர் ஆரம்பிச்சான். இது அப்போஸ்தலர் இல்லன்னு நான் ஒரு வார்த்தை காதுல போட்டிருந்தா தப்பிச்சிருப்பான். தவளை தன் வாயால கெடும்பாங்க, நான் எதுக்குக் குறுக்க விழணும்? நல்லாப் பேசட்டும்னு தட்டோட நின்னேன்.

நரைச்ச தலை அம்மா ஒருத்தங்க கேட்டாங்க: "அப்போஸ்தலர் காலடியில குழல் எதுக்கு?"

முதலாளி மேனேஜரை மொறைச்சார். உடனே அவன் என்னையக் கை காட்டி, "இவ சொன்ன கதை சார்"னான். அன்னைக்குத்தான் அது என் கதைன்னு ஒத்துக்கிட்டான்!

"தப்பாத்தான் சொன்னேன்யா. இப்ப சரியாத் தெரியும், சொல்லட்டுமா?"ன்னேன். சொன்னேன். ஒருத்தரும் டீயத் தொடல.

இப்ப படம் காட்டுறது நான்தான். கத்தி எறங்குற இடம் வந்தா, மேனேஜர் ரூம் கதவு தெறந்திருக்கான்னு பாத்துட்டுத்தான் குரல ஒசத்துவேன். பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட எல்லாத்தையும் சொல்றேன், இதத் தவிர. பாவத்துக்கு வருந்துற மனஸ்தாபம் வந்தாத்தானே சொல்றதுக்கு.